ஜெர்பெரா மண் காயவில்லை

இது முதல் தடவை. முதல் தடவைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. செடி வளர்க்கிற வீட்டில் காலை எட்டு மணிக்கு ஒரு மனிதர் பூவாளியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போவதில் என்ன இருக்கிறது. எட்டு அஞ்சு. கடிகாரத்தை ஏன் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்றுதான் ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், ஆனாலும் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. மடியில் தாம்பாளம், தாம்பாளத்தில் ராத்திரி ஊறவைத்த மொச்சை. ஒரு கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தோல் விரலிலேயே நின்றுவிடும், பருப்பு மட்டும் வழுக்கிக்கொண்டு கிண்ணத்தில் விழும். இந்த வேலைக்குக் கண் வேண்டாம். அதனால்தான் இன்றைக்குப் பிதுக்குப் பருப்புக் குழம்பு. மார்கழிக் குளிருக்கு நன்றாக இருக்கும் என்று அவரிடம் சொன்னேன், அதுவும் பொய்யில்லை, ஆனால் ஒரு மணி நேரம் அடுப்படி ஜன்னலை விட்டு நகராமல் உட்கார ஒரு வேலை வேண்டியிருந்தது என்பதுதான் நிஜம். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் பால்கனி. அவர் ஒவ்வொரு தொட்டியாகக் குனிகிறார். பழுப்பு ஸ்வெட்டர், காதை மூடின மப்ளர். இடது கையால் இலைகளை ஒதுக்கிப் பிடித்து, பூவாளி மூக்கைத் தொட்டியின் விளிம்போரம் கொண்டுபோய், நடுக்குருத்தில் ஒரு சொட்டுகூட விழாமல் ஊற்றுகிறார். நர்சரி முனிராஜ் எப்படிச் சொல்லிக்கொடுத்தானோ அப்படியே. கற்றுக்கொண்டது எதையும் அவர் மறக்கவில்லை. பாருங்கள், எவ்வளவு பதமாக ஊற்றுகிறார், இவருக்கா. நான்தான் கிறுக்கு. ஒரு தடவை ஊற்றிவிட்டு வந்து பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டால் நான் இந்த மொச்சையை அடுப்பில் ஏற்றிவிட்டுக் குளிக்கப் போய்விடுவேன், இதைப் பற்றி இனிமேல் நினைக்கவே மாட்டேன்.

ஆனால் மண்ணுக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை. ஏழு மணிக்கே நான் போய் ஆறு தொட்டியிலும் விரலைவிட்டுப் பார்த்தேன். ஈரம். மேல் மண் மட்டுமில்லை, விரலின் இரண்டாவது கணு வரைக்கும் சில்லென்று ஈரம். தீபாவளி முடிந்த கையோடு வாங்கி வந்தபோது ஒன்பது தொட்டி ஜெர்பெரா. முனிராஜே வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். ஓசூர்க் குளிருக்கு இது நல்லா வரும் அக்கா, காலை வெயில் நாலு மணி நேரம் கிடைச்சா போதும், மத்தியான வெயில் மட்டும் நேரா அடிக்க வேண்டாம் என்றான். தென்னை நார்த்தூளும் செம்மண்ணும் மணலும் கலந்து தண்ணீர் நிற்காத மண்ணாக அவனே தயார் செய்து தந்தான். நடும்போது குருத்து மண்ணுக்கு மேலே நிக்கணும், கழுத்து வரைக்கும் புதைச்சீங்கன்னா மூச்சு முட்டிச் செத்துடும் என்றான். பூ வாடினால் கத்தரிக்க வேண்டாம், காம்பை அடியில் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் வந்துவிடும், பாதிக் காம்பை விட்டுவைத்தால் அது அழுகி உள்ளே இறங்கும் என்றான். இவர் எல்லாவற்றையும் சர்வே ஆபீஸில் குறிப்பெடுக்கிற மாதிரி ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். முப்பத்திநாலு வருஷம் நிலம் அளந்த கை, எழுதாமல் விடுமா. அப்புறம் பூத்தது பாருங்கள். ஆரஞ்சு, வெள்ளை, குங்குமச் சிவப்பு. ஒவ்வொரு பூவும் உள்ளங்கை அகலம். எதிர் பிளாட்காரர்கள் பிளாஸ்டிக் பூவென்று நினைத்துத் தொட்டுப் பார்த்தார்கள். அந்த மாதிரி இருந்ததில்தான் மூன்று போய்விட்டது. முதலில் அடி இலை மஞ்சளாகும், அப்புறம் செடியே தண்ணீர் கேட்கிற மாதிரி துவண்டு நிற்கும், அதைப் பார்த்து இன்னும் ஊற்றத் தோன்றும், ஒருநாள் தொட்டால் செடி கையோடு வந்துவிடும். குருத்து கறுத்துக் கூழாகி, சாக்கடை நாற்றம். மூன்றாவது செடி கையோடு வந்தது முந்தாநாள். நேற்று முனிராஜுக்குப் போன் பண்ணினேன்.

"அக்கா, தண்ணி ஜாஸ்தியாகுது."

"ஒருநாள் விட்டு ஒருநாள்தான் முனிராஜ். அதுவும் சார் காலையில ஒரு தடவை ஊத்துறதோட சரி."

"அந்த மண்ணுக்கு அப்படி ஊத்துனா அழுகாது அக்கா. நானே கலந்த மண்ணு. கீழ தட்டுல தண்ணி நிக்குதா?"

"நிக்குது."

"அப்ப யாரோ நடுவுல ஊத்துறாங்க. வீட்டுல வேற யாரு இருக்கா?"

யாருமில்லை. அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். வேலைக்கு ஆள் கிடையாது, மகள் மித்ரா புனேயில் இருக்கிறாள், வீட்டில் நானும் இவரும்தான். போனை வைத்த கை ரொம்ப நேரம் போனிலேயே இருந்தது.

வந்துவிட்டார். பூவாளியைக் குழாயடியில் வைக்கிற சத்தம். ஹாலில் நாற்காலி இழுபடுகிறது, பேப்பர் விரிகிறது. நல்லது. உட்கார்ந்தாயிற்று. ஒரு கொட்டை, இன்னொரு கொட்டை. தோல் ஒரு பக்கம் குவிகிறது. யோசித்துப் பார்த்தால் பெரிதாக என்ன நடந்துவிட்டது. போன மாதம் லிஃப்டுக்குள் ஏறி பட்டனை அழுத்தாமல் நின்றார், நான் அழுத்துவேன் என்று அவர் நினைத்திருப்பார், நானும் அவர் அழுத்துவார் என்றுதான் நின்றேன். தங்கை வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பாவிடம் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டார், மேளச் சத்தத்தில் பதில் காதில் விழுந்திருக்காது. ராயக்கோட்டை ரோட்டில் நடந்து போனவர் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார், பழைய ஆபீஸ் நண்பரைப் பார்த்தேன் என்றார், யாரென்று கேட்டேன், ஒருத்தன்மா என்றார். ஒருத்தன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் எந்தக் கிராமத்தில் எந்த சர்வே நம்பர் யாருடைய புஞ்சை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொன்ன மனிதர். ஒரு தடவை இரண்டு பங்காளிகள் வரப்புக்காக மண்வெட்டியோடு நின்றபோது, கையில் படம் இல்லாமலே, புளியமரத்திலிருந்து அளவுச் சங்கிலியில் இத்தனை இணைப்பு, அங்கேயிருந்து கிழக்கே இத்தனை, அங்கே ஒரு கல் புதைஞ்சிருக்கும், தோண்டிப் பாருங்க என்றாராம். தோண்டினார்கள், கல் இருந்தது. அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தில் பெருமை இருக்காது, கல்லு அங்கதானே இருக்கணும் என்பார். அந்த மனிதருக்கு நண்பரின் பெயர் ஒருத்தன்.

"சௌந்தரி."

விரலில் இருந்த கொட்டை தெறித்து அடுப்புக்கு அடியில் போய்விட்டது. "என்னங்க?"

"இன்னிக்கு என்ன குழம்பு?"

"பிதுக்குப் பருப்பு."

"பேஷ். குளிருக்கு நல்லா இருக்கும்."

ஆறரைக்குக் காபி குடிக்கும்போது சொன்னேன், அப்போதும் பேஷ் என்றார். ஆனால் இதை யார்தான் இரண்டு தடவை கேட்கவில்லை. நானே கேட்பேன். வாய்க்கு ஏதாவது பேச வேண்டும், மனுஷர் தனியாக உட்கார்ந்திருக்கிறார், கேட்கிறார். இதையெல்லாம் கணக்கில் எடுத்தால் ஊரில் ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள். இருந்தாலும் அவர் அண்ணன் ஞாபகம் வருகிறது. வேண்டாம் என்று எவ்வளவு தள்ளினாலும் சபாபதி அத்தான் வந்து நின்றுவிடுகிறார், இஸ்திரி போட்ட சட்டை, கையில் சாப்பாட்டுக் கூடை. தர்மபுரியில் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆன பிறகு ஒருநாள் காலையில் குளித்து உடுத்தி ஆபீஸுக்குக் கிளம்பினார். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது நாளும் சிரித்தார்கள். அப்புறம் கதவைப் பூட்டினார்கள். பூட்ட மறந்த ஒருநாள் கிளம்பிப் போனவரைச் சேலம் பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்து, நானும் இவரும்தான் கூட்டிவந்தோம். பஸ்ஸில் அண்ணன் நடுவில், நாங்கள் இரண்டு பக்கம். இன்னிக்கு ஆபீஸ் லீவு அத்தான் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன், அவரும் தலையாட்டிக்கொண்டே வந்தார். வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது இவர் சொன்னார். "எல்லாரும் அண்ணனைச் சின்னப் பிள்ளை மாதிரி ஏமாத்துறாங்க சௌந்தரி. ஆரம்பத்துலயே ஒருத்தர் மூஞ்சியப் பார்த்துச் சொல்லியிருந்தா அவரே டாக்டர்கிட்ட போயிருப்பாரு. எனக்கு இப்படி வந்தா நீ நேரா சொல்லிடணும். சொல்லுவியா?" சொல்கிறேன் என்றேன். பஸ் ராயக்கோட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு சுலபமாகச் சொன்னேன், ஜன்னலைக் கொஞ்சம் சாத்து என்று யாரோ கேட்டதற்குச் சரி என்கிற மாதிரி.

நாற்காலி நகர்கிறது. கழிவறைக்குப் போவார். குளிரில் அடிக்கடி போவார். செருப்புச் சத்தம் கழிவறைப் பக்கம் போகவில்லை. குழாய் திறக்கிறது, பூவாளியில் தண்ணீர் விழுகிற சத்தம், முதலில் தகரத்தில் கணகணவென்று, அப்புறம் நிறைய நிறைய மெத்தென்று. எட்டு முப்பத்தொன்று. கொசுவலைக் கதவு. ஸ்வெட்டர், மப்ளர். முதல் தொட்டிக்குக் குனிகிறார். இடது கையால் இலைகளை ஒதுக்குகிறார். கூப்பிடு. என்னங்க, இப்பத்தானே ஊத்தினீங்க என்று சாதாரணமாகச் சொல். அவர் அட ஆமா என்று சிரித்தால் முடிந்தது. சிரிக்காவிட்டால். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, இல்லையே, இப்பத்தானே வர்றேன் என்று சொன்னால், சொல்லும்போது அந்த முகம் இருக்குமே, தப்பே செய்யாதவன் முகம், அதற்கு முன்னால் நான் என்ன செய்வேன். கை மட்டும் பிதுக்கிக்கொண்டே இருக்கிறது. தோலையும் பருப்பையும் ஒரே கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது தொட்டி. மூன்றாவது. தட்டுகளில் தண்ணீர் வழிந்து பால்கனித் தரையில் கோடாக ஓடுகிறது, அதில் அவர் நிழல் அசைகிறது. அதை அவர் பார்க்கவில்லையா. காலடியில்தானே ஓடுகிறது. அந்தச் செடிகளைக் கொன்றுகொண்டிருக்கிறார், நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். மனிதரைச் சோதனைக்கு வைத்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற நான் யார். கட்டின மனைவியா, சி.ஐ.டி.யா. எழுந்து போய் அந்தப் பூவாளியைக் கையிலிருந்து வாங்கினால் போதாதா. போதாது. வாங்கினால் நாளைக்கும் வாங்க வேண்டும், நாளன்றைக்கும் வாங்க வேண்டும், அப்புறம் கதவைப் பூட்ட வேண்டும்.

சரி, இரண்டு தடவை. இரண்டு தடவை யாருக்கும் நடக்கும். நான் உப்பு இரண்டு தடவை போடுவதில்லையா. போன வாரம்கூட ரசத்தில் போட்டேன், அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். குடித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபப் பார்வை என்று நினைத்தேன். இப்போதெல்லாம் அவர் அப்படி அடிக்கடி பார்க்கிறார். செடிக்கு எத்தனை தடவை ஊத்துறீங்க என்று நான் கேட்டபோதும் அதே பார்வை. ஒரு தடவைதான் சௌந்தரி என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, இன்னும் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருக்குமோ. உள்ளுக்குள் தெரிந்து பயந்துகொண்டிருக்கிறாரோ. அது இன்னும் மோசம். தெரியாமல் இருப்பது ஒரு பயம், தெரிந்து தனியாக வைத்துக்கொண்டிருப்பது வேறு பயம். ஒரே கட்டிலில் இரண்டு பேரும் முதுகைக் காட்டிப் படுத்து, ஒரே பயத்தை ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொண்டா இத்தனை வாரமாகத் தூங்குகிறோம். மித்ராவிடம் சொல்ல வேண்டும். என்ன சொல்வது, அப்பா செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார் என்றா. அவள் சிரிப்பாள். சபாபதி அத்தானுக்குச் சிரித்த மாதிரி. ஒன்பது மணி வரை பார்க்கலாம். ஒன்பதுக்குள் மறுபடி எழுந்திருக்காவிட்டால் இன்றைக்குச் சொல்ல வேண்டாம். ஒன்பது நிமிஷம் இருக்கிறது. எட்டு நிமிஷம். பேப்பர் மடிக்கிற சத்தம். மடிக்கட்டும், படித்து முடித்தால் மடிக்கத்தானே வேண்டும். நாற்காலி. வேண்டாம் என்னங்க. உட்காருங்கள். ஏழு நிமிஷம்தான் இருக்கிறது, உட்காருங்கள். குழாய் திறக்கிறது.

எழுந்துவிட்டேன். தாம்பாளம் மடியிலிருந்து சரிந்து மொச்சை தரையெல்லாம் உருள்கிறது. அவர் கொசுவலைக் கதவைத் தள்ளிக்கொண்டு போகிறார், நான் அவருக்குப் பின்னால் போகிறேன், கால் ஈரத்தில் படுகிறது. இப்போது சொல்லிவிட வேண்டும். மூஞ்சியைப் பார்த்து, நேராக. அவர் முதல் தொட்டிக்குக் குனிந்து இலைகளை ஒதுக்கினார். ஊற்றவில்லை. பூவாளியைத் தரையில் வைத்துவிட்டு மண்ணில் விரலை விட்டார். எடுத்துப் பார்த்தார். அடுத்த தொட்டி. அதற்கடுத்தது. தட்டில் தளும்புகிற தண்ணீரைப் பார்த்தார், தரையில் ஓடுகிற கோட்டைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து, வாசலில் நிற்கிற என் ஈரக் காலைப் பார்த்தார்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு சௌந்தரி. நான் முதல்ல சொல்லிடறேன். இல்லேன்னா எனக்குத் தைரியம் போயிடும்." ஈர விரலை ஸ்வெட்டரில் துடைத்தார். "இப்படி உட்காரு."

பால்கனி முக்காலியில் என்னை உட்கார வைத்தார். என் தோளில் அவர் கை.

"நாலு வாரமா பார்க்கிறேன். நான் காலையில வந்து ஊத்தலாம்னு பார்த்தா மண்ணு ஏற்கெனவே ஈரமா இருக்கு. ஒருநாள் இல்ல, அநேகமா தினமும். நான் ஊத்துறது ஒரு தடவைதான். அப்ப வேற யாரு? இந்த வீட்டுல நீயும் நானும்தானே."

புரியவில்லை. புரிந்தது. இரண்டும் ஒரே நொடியில் நடந்தது.

"நீ ஊத்திட்டு மறந்துடற சௌந்தரி. உனக்கே தெரியல. எத்தனை தடவை ஊத்துறீங்கன்னு என்னையே கேட்ட பாரு, அன்னிக்கு ராத்திரி பூரா தூங்கல. ரசத்துல உப்பு ரெண்டு தடவை போட்ட. நான் சொல்லல, நீ வருத்தப்படுவேன்னு. அண்ணன் விஷயத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்லாம விட்டோம். நானும் அதையே செய்யறேனேன்னு." பூவாளியை ஓரமாகத் தள்ளி வைத்தார். "கோவிச்சுக்காதே."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், தலைக்குள் எல்லாம் தலைகீழாகப் புரண்டது. நானா. நான்தானா. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இரண்டு தடவை பார்த்தது எல்லாம். இல்லை. அடுப்படித் தரையில் மொச்சைத் தோல் கிடக்கிறது, முக்கால்வாசி பிதுக்கியாயிற்று, நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. என் கட்டைவிரல் ஊறிச் சுருங்கியிருக்கிறது. இல்லை, நான் இல்லை. அப்படியென்றால் இவர். இந்த நாலு வாரமும் அந்தப் பார்வையெல்லாம் கோபமில்லை, எனக்காகப் பயந்த பார்வை. தன் காலடியில் பள்ளம் தெரியாமல், நான் விழுந்துவிடுவேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இவர் முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வேன், மறப்பது நானில்லை என்று. சொல்லத்தான் வேண்டும். சொல்லுவேன். டாக்டர் முன்னால் சொல்லுவேன், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு. இந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு வேண்டாம்.

"கோவமில்லைங்க."

"டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

"காட்டலாம்." என் குரல் எனக்கே ரொம்ப நிதானமாகக் கேட்டது. "நீங்களும் காட்டிக்கிறதா இருந்தா வர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்தே பார்த்துக்கலாம். எனக்கு மட்டும்னா பயமா இருக்கு."

"எனக்கு எதுக்கு?" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "சரி. உனக்குத் தைரியமா இருக்கும்னா நானும் காட்டிக்கிறேன். அதுல என்ன." அதைச் சொன்னபோது அவர் முகம் தெளிந்துவிட்டது. நாலு வாரம் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்த முகம். எத்தனை நாளாயிற்று அந்த முகத்தைப் பார்த்து. உள்ளே போய்ப் போனை எடுத்துவந்தார், சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாங்கள் வழக்கமாகப் போகிற கிளினிக்குக்குப் போட்டார். பால்கனிக் கம்பியில் சாய்ந்து நின்றுதான் பேசினார், என்னை விட்டுத் தள்ளிப் போகவில்லை.

"ஆமாம்மா, டாக்டரைப் பார்க்கணும். என் வீட்டுக்காரம்மாவுக்கு. சௌந்தரி. அறுபத்தொண்ணு. ஞாபக மறதி. சாதாரண மறதி இல்லம்மா, செஞ்சதையே மறுபடி செய்யறாங்க, செஞ்சது நினைவில்ல. எப்ப இருந்தா? தேதி சொல்றேன் எழுதிக்கோங்க." நோட்டின் பக்கத்தைத் திருப்பினார். சாய்வில்லாத அந்தப் பழைய கையெழுத்து எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. தேதி, நேரம், எந்தத் தொட்டி, எவ்வளவு ஈரம். தன் நோயை எனக்காக அளந்து எழுதி வைத்திருந்தார், ஒரு நாள் விடாமல், ஒரு அங்குலம் பிசகாமல். அந்த முனையில் இருந்த பெண் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள், இவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் முக்காலியிலிருந்து எழுந்து, தொட்டிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துத் தட்டில் நின்ற தண்ணீரைக் கொட்டினேன். மூன்றாவது தொட்டியின் குருத்தைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது.

"எனக்கும் ஒரு சீட்டு போட்டுடுங்கம்மா, சும்மா அவங்க தைரியத்துக்கு. ஏகாம்பரம். அறுபத்தாறு. நாளைக்குப் பத்தரையா, சரி. கூட யார் வருவாங்கன்னா கேக்குறீங்க?" என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தார். "நான்தான் வருவேன். அவங்களைத் தனியா எங்கேயும் விடறதில்ல."